பின்பாட்டுக்கு யார் குரல்? வீட்டில் பாட்டு அமைப்போருக்கு முன்னுள்ள நான்கு வழிகள்

கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பின்பாட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்கிறவர் ஓரடியைப் பாடி மூச்சு வாங்குவதற்குள், குடமும் உடுக்கும் ஜால்ராவும் வைத்திருப்பவர்கள் அந்த அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடிவிடுவார்கள். "ஆமா" என்று அவர்கள் போடும் ஒரு சொல்லில் கதை அடுத்த படிக்கு ஏறும். குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில் அப்படி ஒரு கோயில் முற்றத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தேவாலயமும் இருக்கும். ஞாயிறு காலையில் அங்கே பாடகர் குழு மேல் குரலிலிருந்து கீழ்க் குரல் வரை சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்காகப் பிரிந்து பாடும். எல்லோரும் ஒரே சுரத்தில் சேர்ந்து எழுப்பும் குரல் ஒரு வகை. நான்கு சுரங்களில் பிரிந்து நின்று ஒன்றாகும் குரல் இன்னொரு வகை. இரண்டையும் எங்கள் ஊரில் நடந்தே போய்க் கேட்கலாம்.

இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு, வீட்டில் மடிக்கணினி வைத்துப் பாட்டு அமைக்கும் பிள்ளைகள், கோரஸ் வர வேண்டிய இடத்தில் எங்கோ யாரோ பாடி வைத்த "ஆ"வை எடுத்து ஒட்டும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. குழித்துறையிலும் களியக்காவிளையிலும் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலுமாக இந்த வேலை செய்கிற ஏழெட்டுப் பேரை அறிவேன். "அண்ணே, பின்பாட்டுக்கு என்ன செய்யலாம்?" என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். தன் குரலையே பலமுறை பதிந்து அடுக்கலாம். ஒரு முறை பாடியதை மென்பொருளில் கொடுத்துப் பல குரலாக்கலாம். சாம்பிள் தொகுப்பை, அதாவது யாரோ பாடிப் பதிந்து ஆயத்தமாக விற்கும் ஒலித்துணுக்குகளை, வாங்கலாம். அல்லது நாலு பேரைக் கூப்பிட்டுப் பாடவைத்துச் சொந்தமாகச் சாம்பிள் தயாரிக்கலாம். நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். பாட்டில் தமிழ்ச் சொல் இருந்தால் நாலு பேரைக் கூப்பிடுங்கள் என்பதுதான் என் முடிவு. ஆனால் மற்ற மூன்றுக்கும் உரிய இடங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால்தான் எப்போது ஆள் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும்.

தன் குரலை அடுக்குவது

எல்லோரும் தொடங்குவது இங்கேதான், தொடங்கவும் வேண்டும். செலவு இல்லை, இரவு 11 மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, பாட்டின் மூச்சு எங்கே விழ வேண்டும் என்பது பாட்டை அமைத்தவருக்கே நன்றாகத் தெரியும்.

இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரு முறை பாடியதை நகலெடுத்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிவிட்டு, குரல் இரண்டாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே ஒலி வந்தால் காது அதை நடுவிலிருந்து வரும் ஒரே குரலாகவே கேட்கும். சத்தம் மட்டும் கூடும். ஒன்றைச் சற்றுத் தாமதமாக்கினால் ஹெட்போனில் அகலமாகத் தோன்றும். அதே பாட்டு ஒற்றை ஸ்பீக்கர் கைபேசியிலோ கோயில் ஒலிபெருக்கியிலோ ஒலிக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதிச் சில அலைவரிசைகள் அறுந்துபோகும். 1 மில்லி விநாடி தள்ளினால் 500 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும். மனிதக் குரலின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாட்டுகள் பெரும்பாலும் பந்தலில் கட்டிய ஒலிபெருக்கியில்தான் போய்ச் சேருகின்றன என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

உண்மையான இரட்டிப்புக்கு மறுபடியும் பாட வேண்டும். இரண்டாம் முறை பாடும்போது சுரம் இம்மியளவு நகரும், எழுத்து ஒரு கணம் முந்தியோ பிந்தியோ விழும். அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் குரலுக்குக் கனம் தருகின்றன. 1966இல் லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், பாடகர் இரண்டாம் முறை பாடும் சலிப்பைத் தவிர்க்க ஒரு வழி கண்டார். பதிந்த குரலை இன்னொரு டேப் இயந்திரத்தின் வழியாகக் கொண்டுவந்து, அந்த இயந்திரத்தின் வேகத்தை மெல்ல அலையவிட்டு அசலோடு சேர்த்தார். இயந்திரம் இரட்டித்தாலும் அலைவு தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

என் அனுபவத்தில் தன் குரல் அடுக்கு நாலு வரை நன்றாக வளர்கிறது. ஆறாவதில் நின்றுவிடுகிறது. எட்டாவதில் குரல் தடிக்கிறதே தவிர, கூட்டம் ஆவதில்லை. காரணம் தொண்டையும் வாயும்தான். சுரத்தை எவ்வளவு மாற்றினாலும் ஒருவருடைய வாய்க்குழியின் அளவு மாறாது; "ஆ" என்ற உயிரெழுத்துக்கு அவர் தரும் நிறம் எட்டு டிராக்கிலும் ஒன்றாகவே இருக்கும். எட்டுப் பேர் பாடினால் எட்டு "ஆ" கிடைக்கும். ஆகவே சொல் இல்லாத முனகலுக்கும், முன்பாட்டை இரண்டு சுரம் மேலே நின்று தாங்கும் மெல்லிய இணைப்புக்கும், காதல் பாட்டின் ஹம்மிங்குக்கும் தன் குரலே போதும், சில சமயம் அதுவே மேல். "ஊரே பாடுகிறது" என்ற உணர்வு வேண்டிய இடத்தில் அது உதவாது.

அடுக்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடாத இடைவெளிகளை ஒவ்வொரு டிராக்கிலும் வெட்டிவிடுங்கள். எட்டு டிராக்கும் திறந்திருந்தால் அறையின் இரைச்சல் ஒரு டிராக்கில் இருந்ததைவிட 9 டெசிபல் உயரும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு உள்ளவர்களுக்குச் சில்வண்டின் தொல்லை தனி. அதன் கீச்சொலி குரலின் "ச", "ஸ" ஒலிகள் இருக்கும் உயரத்திலேயே இருப்பதால், கீழ் அலைவரிசையை வெட்டும் வடிகட்டியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நான் இருட்டிய பிறகு பதிவதை விட்டுவிட்டேன். மதியம் 2 முதல் 4 வரை, ஊர் உண்டு உறங்கும் நேரம்தான் எங்கள் பக்கத்தில் அமைதி.

மென்பொருளில் குரல் பெருக்குவது

ஒரு குரலைக் கொடுத்தால் மூன்றாம் சுரம், ஐந்தாம் சுரம் என்று கணக்கிட்டுத் துணைக்குரல்களை உண்டாக்கித் தரும் கருவிகள் பல உள்ளன. மெலடைன் போன்ற சுரம் திருத்தும் மென்பொருள்களில் ஒவ்வொரு சுரத்தையும் கையால் பிடித்து நகர்த்தலாம். அவசரத்துக்கு அருமையான உதவி. கோரஸ் எப்படி அமைய வேண்டும் என்று முதலில் வரைந்து பார்க்கவும், பாட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைக்கவும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

ஆனால் குரலை மூன்று நான்கு அரைச்சுரங்களுக்கு மேல் நகர்த்தினால் சாயம் வெளுக்கிறது. சாதாரணமாகச் சுரத்தை ஏற்றும்போது வாய்க்குழியின் ஒலிநிறமும் சேர்ந்து ஏறுவதால், பெரியவர் குரல் பொம்மைக் குரலாகிறது. ஒலிநிறத்தை அப்படியே நிறுத்திச் சுரத்தை மட்டும் ஏற்றும் வசதி இருக்கிறது. அதிலும் ஓர் அளவுக்கு மேல் கண்ணாடிச் சில்லுச் சத்தம் வந்துவிடும்.

இன்னொரு சிக்கல் எங்கள் இசைக்கே உரியது. தம்புரா போட்டுப் பாடிப் பழகியவர் அந்தர காந்தாரத்தை, அதாவது மேல் "க"வை, அடிப்படைச் சுரமான சட்ஜத்தின் அலைவெண்ணைப் போல் 5/4 மடங்கில் நிறுத்துவார். ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட் என்று கொண்டால், அது 386 சென்ட் உயரம். கீபோர்டின் அதே சுரம் 400 சென்ட். மென்பொருளை அதன் போக்கில் விட்டால் எல்லாவற்றையும் கீபோர்டின் கட்டத்துக்குள் இழுத்துவிடும். 14 சென்ட் பெரிதில்லை என்று தோன்றலாம். சுருதிப் பெட்டி பின்னால் ஒலிக்கும் பாட்டில், நிலைத்து நிற்கும் ஒரு "கா"வில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஒத்துப்போன குரல் சுருதிக்குள் கரைந்து நிற்கும். மற்றது மேலே மிதந்து அலைக்கும்.

எழுதிக் கொடுத்தால் தானே பாடும் செயற்கைக் குரல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். யமஹாவின் வோகலாய்டு 2004இல் விற்பனைக்கு வந்தது. ஜப்பானியம், ஆங்கிலம், ஸ்பானியம், கொரியம், சீனம் ஆகிய மொழிகளுக்காக அதில் குரல்கள் செய்யப்பட்டன. வேற்றுமொழிக்குச் செய்த குரலில் "வாழையடி வாழை" என்று பாடவைக்கப் பார்த்தால் ழகரம் லகரமாகிவிடும். சொல்லில்லாத பின்னணிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ஆர்வம் பிறக்கவில்லை.

விலைக்கு வாங்கும் தொகுப்பு

ஒரு நண்பர் தன் ஊர் மாதா திருவிழாவுக்குப் பாட்டு ஒன்று செய்தார். நல்ல மெட்டு. பல்லவிக்கு முன்னால் வாங்கிய தொகுப்பிலிருந்து பெண் குரல்கள் சேர்ந்தெழும் ஓர் "ஆ" வரும். திருவிழா முடிந்து பத்து நாளில் மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்துக் கடைத் தொலைக்காட்சியில் ஒரு நகைக்கடை விளம்பரம் மலையாளத்தில் ஓடியது. அதில் அதே "ஆ", அதே ஏற்றம், அதே மூச்சு. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் விதியை மீறவில்லை, விளம்பரக்காரரும் மீறவில்லை. காசு கொடுத்த எல்லோருக்கும் ஒரே பொருள்தான் கிடைக்கிறது.

அதற்காக வாங்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெரிய மண்டபத்தில் நாற்பது பேர் பாடிய ஒலியை நம் வீட்டு அறையில் உண்டாக்க இயலாது. பாட்டின் அடியில் மங்கலாகப் பரவிக் கிடக்கும் ஓர் அலை தேவையென்றால் நல்ல தொகுப்பிலிருந்து எடுத்து, மேல் அலைவரிசைகளைக் குறைத்து, யாரும் அடையாளம் காணாதபடி பின்னால் வைக்கலாம். முன்னால் வந்து முகம் காட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

வாங்கும்போது உரிம வாசகத்தைப் படியுங்கள். "ராயல்டி இல்லை" என்றால் நம் பாட்டில் பயன்படுத்த மறுபடி பணம் கட்ட வேண்டாம் என்றே பொருள். அந்தத் துணுக்கு நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருளல்ல. அதைத் தனியாகப் பிரித்து இன்னொருவருக்குக் கொடுப்பதையோ வேறு தொகுப்பாக விற்பதையோ இத்தகைய உரிமங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. யூடியூபில் தானியங்கி உரிமைச் சோதனைக்குப் பாட்டைப் பதிவுசெய்ய நினைப்பவர்களுக்கும் இதில் சிக்கல் உண்டு. பலரும் பயன்படுத்தும் துணுக்கைத் தனியுரிமையாகக் கோர முடியாது.

நாலு பேரைக் கூப்பிடுவது

முதல் தடவை நான் இதைச் செய்தது ஆடி மாதத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த மாடி அறையில். தென்மேற்குப் பருவத்தின் சாரல் கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. நிற்கும் நிற்கும் என்று காத்திருந்து, மாலையில் வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். எங்கள் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழையும் அக்டோபரில் தொடங்கும் மழையும் இரண்டுமே உண்டு. இடையில் கிடைக்கும் நாள்களைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு ஆள் அழைக்கிறேன். பழைய ஓட்டு வீட்டில், மேலே மரத் தட்டு அடித்த அறை ஒன்று கிடைத்தால் அதுவே நல்ல ஒலிப்பதிவுக் கூடம். கான்கிரீட் அறை என்றால் பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் பஞ்சு மெத்தைகளைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். பொதுவாகப் பாட்டுக்கு வைக்கும் கார்டியாய்டு வகை மைக் தன் முன்னால் இருப்பதைத்தான் அதிகம் கேட்கும். பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலி நேராக அதன் வாய்க்குள் போகிறது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டால் ஒலி அடங்கும் என்று ஒரு நண்பர் கட்டாயப்படுத்தி மாட்டினார். ஒலியை உறிஞ்ச நுண்துளைகள் உள்ள பொருள் வேண்டும்: பஞ்சு, கம்பளி, தடித்த துணி. ரப்பர் ஷீட்டில் அது இல்லை.

யாரைக் கூப்பிடுவது? தனிப்பாட்டில் பரிசு வாங்குகிறவர்களைக் காட்டிலும் கூட்டத்தில் பாடிப் பழகியவர்களே இதற்கு ஏற்றவர்கள். ஆலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடும் ஓர் அக்காவுக்குப் பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் சுரத்தில் நிற்கத் தெரியும். அது பெரிய கல்வி. வில்லுப்பாட்டில் குடம் அடித்தவருக்கு அடியை எங்கே வாங்க வேண்டும் என்பது உடம்பில் ஊறியிருக்கும். ஹெட்போனில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் இல்லாமலே சரியான இடத்தில் விழுவார். கோயில் பஜனைக் குழுவில் பாடும் பெண்கள் வாய் திறந்து பாடுவார்கள். என் குழுவில் இந்த மூன்று வகையும் இருக்கின்றன. தேங்காப்பட்டணத்திலிருந்து வரும் ஒருவரின் குரலில் உள்ள கரகரப்பு எந்தத் தொகுப்பிலும் விலைக்குக் கிடைக்காது.

ஆணும் பெண்ணும் சேரும்போது சுருதியில் தடுக்கும். சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில், ஆண்கள் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் 5 கட்டையை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் எங்காவது வைத்தால் இருவருக்கும் வசதிப்படாது. பல்லவி பஞ்சமத்துக்கு மேல் ஏறாத பாட்டானால் 2 கட்டையில் அமைத்து, ஆண்களை மத்திய ஸ்தாயியிலும் பெண்களை ஒரு ஸ்தாயி மேலேயும் பாடவைக்கிறேன். ஒரே மெட்டு இரண்டு ஸ்தாயியில் ஒலிக்கும்போது, மூன்றாம் சுரம் ஐந்தாம் சுரம் என்று எதுவும் சேர்க்காமலே நிறைவு வந்துவிடும். நாட்டுப்புறச் சாயலுள்ள பாட்டுக்கு இதுதான் பொருத்தம். நான்கு குரல் அடுக்கைத் தேவாலயப் பாட்டுக்கும் திரைச் சாயலுள்ள பாட்டுக்கும் வைத்துக்கொள்கிறேன்.

உச்சரிப்பில் எல்லைப்புறத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. 1956 நவம்பர் 1 வரை எங்கள் வட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் நாக்கு அதே இடத்தில் இருக்கிறது. "காற்று" என்ற சொல்லில் வரும் ற்றவை நாங்கள் அழுத்தி, ஒரே வல்லினமாகச் சொல்வோம். வடக்கே இருந்து வந்தவர் அதையே "ட்ர" போல ஓடவிடுவார். இரண்டும் ஒரே கோரஸில் கலந்தால் சொல் சேறாகிவிடும். பாடுவதற்கு முன் சொற்களை மெட்டில்லாமல் நாலு தடவை சேர்ந்து சொல்லிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பாறசாலையிலிருந்து வருகிறவர்களுக்கு ழகரம் தடையின்றி வரும், மலையாளத்திலும் அது இருக்கிறதே. ஆனால் சொல்லிறுதியில் உயிரைச் சற்று இழுப்பார்கள். அதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.

"ச", "ஸ" ஒலிகள் நாலு வாயிலிருந்தும் வந்தால் பாம்பு சீறுவது போல் இருக்கும். ஒருவர் மட்டும் அதைத் தெளிவாகச் சொல்லட்டும், மற்றவர்கள் விழுங்கிவிடட்டும். கேட்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. "கண்ணன்", "எந்நாளும்" போல மெய்யில் முடியும் சொற்களுக்குக் கையசைத்து முடிவு காட்ட ஒருவர் வேண்டும். நான் பாடாமல் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

மைக் ஒன்றே போதும். நாலு பேரும் அரைவட்டமாக, மைக்கிலிருந்து ஒரு கை நீளத்தில் நிற்க வேண்டும்; ஓங்கிய குரல்காரர் ஓரடி பின்னால். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் மின்சாரம் தரும் இடைமுகப்பெட்டி தேவை. சாதாரண அறையில் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கும் கெட்டுப்போகாது. தெருச் சத்தத்தைக் குறைவாகவே பிடிக்கும் என்பதால், நெடுஞ்சாலை ஓரத்து வீட்டில் நான் அதையே விரும்புவேன். என்ன, அதற்கு ஒரு கை நீளம் அதிகம், இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். எல்லோரும் ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடிக்கொள்ளட்டும். மறுகாதில் பக்கத்தில் நிற்பவரின் குரல் விழ வேண்டும், அதில்தான் சேர்ந்து பாடுவது இருக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து, உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதிந்தால் திடீரென்று யாராவது உற்சாகத்தில் ஓங்கினாலும் சிதறாது.

ஒரு முறை பாடி முடித்ததும் இடம் மாற்றுங்கள். இடது ஓரத்தில் நின்றவர் நடுவுக்கு, நடுவில் நின்றவர் பின்னுக்கு. ஒவ்வொரு முறையும் குரல்களின் கலவை மாறும். நாலு பேர் நாலு தடவை பாடினால் பதினாறு குரல். அதுவும் நாலு வெவ்வேறு வாயிலிருந்து வந்த பதினாறு. ஒருவரே பதினாறு தடவை பாடிய டிராக்கை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தேன். என் குரலின் பதினாறு அடுக்கு ஒரு தடித்த சுவர். நாலு பேரின் பதினாறு ஒரு தெரு. அதில் வாசல்கள் இருந்தன.

சுரமா, சொற்றொடரா?

ஆள் வந்தாயிற்று. அவர்களிடமிருந்து எதைப் பதிவது என்பது அடுத்த முடிவு. பிறகு எந்தப் பாட்டுக்கும் கீபோர்டில் வாசித்துக்கொள்ளும்படி தனித்தனிச் சுரங்களைப் பதிந்து ஒரு வங்கி ஆக்கலாம். அல்லது இந்தப் பாட்டுக்கு வேண்டிய சொற்றொடர்களை மட்டும் பதியலாம்.

சுர வங்கிக்கு எல்லாச் சுரமும் வேண்டாம். மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று என்று பதிந்தால், இடையில் உள்ளதைச் சாம்பிளர் (பதிந்த ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்கவிடும் மென்பொருள்) ஓர் அரைச்சுரம் ஏற்றியோ இறக்கியோ நிரப்பிக்கொள்ளும். அந்த அளவு நகர்த்தல் காதுக்குத் தெரியாது. ஒன்றரை ஸ்தாயிக்கு ஏழு சுரங்கள். "ஆ", "ஊ", "ம்" என மூன்று ஒலிகள். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப வந்து இயந்திரம்போல் ஆகாமலிருக்க ஒவ்வொன்றும் இரண்டு தடவை. மொத்தம் 42. ஒவ்வொன்றும் 8 விநாடி பிடித்தால் 5.6 நிமிடப் பதிவு, ஒற்றை டிராக்கில் ஏறக்குறைய 48 மெகாபைட். கேட்கச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அசையாமல் 42 முறை நீளமாகப் பிடிப்பது தொண்டைக்குக் கடுமையான வேலை. பத்துக்கு ஒரு முறை ஓய்வும் இளஞ்சூடான தண்ணீரும் கொடுங்கள். பதிந்ததை ரீப்பர், ஆடாசிட்டி போன்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வெட்டி, டீசென்ட் சாம்பிளர் என்ற இலவசக் கருவியில் அடுக்கிவிடலாம். நடுப்பகுதியைச் சுழலவிடும்போது தொடக்கமும் முடிவும் ஒன்றில் ஒன்று மங்கிக் கலக்கும்படி வைத்தால் தையல் தெரியாது.

இந்த வங்கியில் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் அழகு, இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தோடி ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. அது ஓர் அசைவு. நிலையான சுரங்களை வரிசையாக ஒட்டி அந்த அசைவைச் செய்ய முடியாது. மெட்டில் வளைவு நெளிவு இருந்தால் சொற்றொடராகவே பதியுங்கள். எங்கள் குழுவோடு ஒரு நாளில் 42 சுரங்களையும் பதிந்துவிட்டு, மீதி நேரத்தில் எந்தப் பாட்டிலும் பொருந்தக்கூடிய சின்னத் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கிறேன்: மூன்று வேகங்களில் "ஆமா", "ஓஹோ", ஏலேலோ, குலவை, கைத்தட்டோடு ஒன்று, கைத்தட்டு இல்லாமல் ஒன்று. இவைதான் அதிகம் பயன்படுகின்றன.

எழுதி வாங்குவது

பழகியவர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் பாடுகிறவருக்கும் தன் நிகழ்த்துதலில் உரிமை தருகிறது; 2012 திருத்தம் அதை வலுப்படுத்தியது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். ஒரு பாட்டுக்காகப் பாடினார்களா, எந்தப் பாட்டிலும் சேர்க்கக்கூடிய சாம்பிளுக்காகப் பாடினார்களா என்பது இரண்டு வேறு விஷயங்கள். எதிர்காலத்தில் எங்கெல்லாம் தன் குரல் ஒலிக்கலாம் என்று தெரிந்து அவர்கள் சம்மதிக்க வேண்டும். நான் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர்களிடமே கொடுக்கிறேன். பஜனைக் குழுவில் பாடும் ஓர் அம்மா, "எங்க குரலைச் சாராயக் கடைப் பாட்டில் போடக் கூடாது" என்றார். அதையும் ஒரு விதியாக எழுதிச் சேர்த்தோம். தேவாலயத்து அக்கா எந்தக் கட்சிப் பாட்டிலும் வரக் கூடாது என்றார். அதுவும் எழுதப்பட்டது. செயற்கைக் குரல் பயிற்சிக்கு இந்தப் பதிவுகளைக் கொடுப்பதில்லை என்ற வரியை நானே சேர்த்தேன்.

கூலி கொடுங்கள். ஒரு நாள் வேலைக்கு உள்ளூரில் ஒரு கொத்தனார் என்ன வாங்குகிறாரோ அதற்குக் குறையாமல் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு. அதோடு பஸ் செலவும், மதியம் மீன்குழம்புச் சாப்பாடும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் பாடவைக்க முடியாது என்பதால் சுர வங்கியைக் காலையில் முடித்துவிடுகிறேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் நல்ல தொகுப்பு ஒன்றின் விலையைவிட இது கூடுதலாகவே வரும். முதல் பாட்டுக்குக் கணக்கு உதைக்கும். நாலாவது பாட்டில் அதே வங்கியைத் திறக்கும்போது நேர்ப்பட்டுவிடும். ஒரே ஒரு பாட்டு செய்துவிட்டு நிறுத்தப் போகிறவருக்கு, தன் குரலையும் ஒரு தோழியின் குரலையும் சேர்த்து நாலு அடுக்குப் போடச் சொல்வேன். அவர் சாம்பிள் வங்கிக்குச் சிரமப்பட வேண்டாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. பாடியவர் அடையாளம், ஒலி, சுரம், எத்தனையாவது தடவை என்று வரிசையாக எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து "புதியது 3" என்ற கோப்பில் யார் பாடினார் என்று உங்களுக்கே தெரியாது, கொடுத்த வாக்கையும் காப்பாற்ற முடியாது. என் வங்கியில் இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆல்ட்டோ பாடும் அக்கா தன் தங்கையின் குரல் தன்னைவிடக் கீழே போகும் என்று சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் இருவரும் வருகிறார்கள். ஆறாம் எண்ணில் ஒரு கோப்புறை திறந்து வைத்திருக்கிறேன்.